சோலாரிஸ் கதையைச் செட்டிநாட்டு வீட்டில் எடுக்க உதவி வேண்டும்

வணக்கம். போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்வாவ் லெம் 1961-இல் எழுதிய 'சோலாரிஸ்' நாவலைக் குறும்படமாக்கத் திரைக்கதை எழுதி வருகிறேன். ஊர் காரைக்குடி.

கதையில் கிரகம் முழுக்க ஒரே கடல். அது யோசிக்கிறது. விண்வெளி நிலையத்தில் தங்கி அதை ஆராய வந்தவர்களின் நினைவிலிருந்து ஆட்களை உருவாக்கி அனுப்புகிறது. அவர்களில் ஒருவரான கெல்வின் முன்னால் இறந்துபோன மனைவியே வந்து நிற்கிறாள். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி இந்த நாவலை வைத்து 1972-இல் எடுத்த படம் லெமுக்குப் பிடிக்கவில்லை. மனிதனின் குற்றவுணர்வு அதில் கடலை ஓரம் தள்ளிவிட்டது என்று எனக்கும் தோன்றுகிறது. அந்தப் படம் எனக்கு உயிர், ஆனாலும்.

விண்வெளி நிலையத்துக்குப் பதில் பூட்டிக்கிடக்கும் ஒரு பெரிய வீட்டை நினைத்திருக்கிறேன். வளவு எனும் நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், தேக்குத் தூண்கள், நாலு பக்க ஓட்டிலிருந்தும் மழை முற்றத்தில் கொட்டும். அந்தத் தண்ணீரையே கடலாகக் காட்டலாமா? வெறும் குறியீடாகச் சுருங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. திரைக்கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், லெம் மறைந்தது 2006-இல்தான், பதிப்புரிமை இன்னும் உண்டு. வெளிநாட்டு நாவலுக்கு அனுமதி வாங்கியவர்கள் வழி காட்டுங்கள்.

கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் ஐப்பசி மழையில் இரண்டு நாள் வீடு தரக்கூடியவர்கள் இருந்தால், ஆச்சி, அண்ணன் யாரானாலும் நேரில் வந்து பேசுகிறேன்.