புரையேறும் அம்மாவுக்கு என்ன சமைக்கலாம்?

அம்மாவுக்கு அல்சைமர். இப்போது விழுங்கச் சிரமம். வெறும் தண்ணீருக்கே புரையேறுகிறது. விழுங்கும் பயிற்சி தரும் சிகிச்சையாளர் எல்லாவற்றையும் கெட்டிக் கூழாகத் தரச் சொல்லியிருக்கிறார். கரண்டியைச் சாய்த்தால் ஒரே கட்டியாக விழவேண்டும், சொட்டக்கூடாது.

நோயாளிக்கு நல்லதென்று எல்லாரும் சொல்லும் ரசம் சாதம்தான் இந்த நிலையில் ஆபத்து. சோறு வாயில் நிற்கும்போதே ரசம் தொண்டைக்கு ஓடிவிடும். சாம்பார் இட்லியும் அப்படியே. அரைத்த பருப்பு சாதம், கேழ்வரகுக் கூழ் பரவாயில்லை. ஆனால் வாயில் வைத்த கரண்டியோடு எச்சில் கிண்ணத்துக்கு வந்து மாவுச்சத்தைக் கரைக்க, பாதியிலேயே கூழ் நீர்த்துவிடுகிறது. அதனால் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறோம். நிமிர்த்தி உட்காரவைத்து, தேக்கரண்டியால், ஒரு வாய் இறங்கியது தெரிந்தபிறகே அடுத்தது. சாப்பிட்டபின் அரைமணி நேரம் படுக்கவிடுவதில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. காபியையும் தண்ணீரையும் கட்டி தட்டாமல் கெட்டியாக்குவது எப்படி? சாந்தன் கம் (நீரைக் கெட்டியாக்கும் பொடி) பயன்படுத்துபவர்கள் எந்த அளவில், எப்படிக் கலக்குகிறீர்கள்? அடுத்து, அம்மாவுக்குப் புளிப்பும் காரமும் வேண்டும். இனிப்புக் கூழைத் துப்பிவிடுகிறார். திப்பி, தோல், விதை இல்லாமல் வழுவழுவென்று வரும் புளிக்குழம்புப் பக்குவம் தெரிந்தால் அளவோடு எழுதுங்கள்.