52.9 டிகிரி மாதிரி ஒரு ரெக்கார்டை நம்புவதா, வேண்டாமா?

வெயில்கணக்கு:
2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. அது நின்றிருந்தால், 2016-இல் ராஜஸ்தான் பலோடியில் பதிவான இந்திய உச்சமான 51.0-ஐத் தாண்டியிருக்கும். சென்சார் 3 டிகிரி கூட்டிக் காட்டியதாகப் பிறகு வானிலைத் துறை சொல்லிவிட்டது. தானியங்கி நிலையங்களை வைத்துத் தினசரி உச்சப் பட்டியல் போடுகிறேன். இந்த மாதிரி எண்ணை அன்றைக்கே எப்படிப் பிடிப்பது? "இந்தத் தேதியில் இதுவரை இல்லாத வெயில்" என்பதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்?

மேலைக்காற்று:
முதலில் அக்கம்பக்க நிலையங்களைப் பாருங்கள். அன்று டெல்லியின் மற்ற இடங்களில் 45.2 முதல் 49.1 வரைதான். சமவெளி, எல்லா இடத்திலும் அதே வறண்ட காற்று. ஒரே இடம் மட்டும் கிட்டத்தட்ட 4 டிகிரி எகிற வழியில்லை. கடலோரத்தில் இந்தச் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். கடற்காற்று தாமதமானால் நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நிஜமாகவே வித்தியாசம் வரும்.

அடுத்தது, அன்று நாள் முழுக்க வெப்பநிலை ஏறி இறங்கிய வரைபடம். ஒரே ஒரு அளவீடு ஊசி மாதிரி எழும்பி இறங்கினால் வயரிங் அல்லது சென்சார் கோளாறு, சுலபமாகத் தெரிந்துவிடும். அளவுத்திருத்தம் (calibration) தவறியிருந்தால் வரைபடம் அழகாகவே இருக்கும், ஆபத்து அதில்தான். அதற்கு இரவுக் குறைந்தபட்சத்தை ஒப்பிடுங்கள். இரவிலும் அதே அளவு கூடுதல் என்றால் அளவுத்திருத்தப் பிழை. காற்றில்லாத நண்பகலில் மட்டும் கூடினால், சென்சாரை மூடும் வெள்ளைக் கவசம் அழுக்கேறியிருக்கும், அல்லது காற்றுத் துளைகள் அடைத்திருக்கும்.

பழைய ஏடு:
எந்தக் கருவியோடு எதை ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். மெட்டார் (METAR) எனப்படும் விமான நிலைய வானிலை அறிக்கை அரை மணிக்கு ஒரு முறை, முழு எண்ணில் வரும். இடையில் வந்த உச்சம் அதில் விழாது. செல்போன் செயலி காட்டுவது பெரும்பாலும் கணினி மாடலின் கணிப்பு, அளந்ததே இல்லை. 2003 மே 31-இல் நுங்கம்பாக்கத்தில் பதிவான 45.0-ஐ இவற்றை வைத்து "முறியடிக்க" முடியாது.

பழசு என்பதாலேயே நம்பிவிடவும் வேண்டாம். லிபியாவின் அல் அஸீஸியாவில் 1922-இல் பதிவான 58 டிகிரி, 90 வருஷம் உலக ரெக்கார்டாக நின்றது. புதிய ஆள் கருவியைத் தவறாக வாசித்திருக்கலாம் என்று 2012-இல் உலக வானிலை அமைப்பு அதை நீக்கியது.

சராசரி:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். காலநிலை மாறாமலே இருந்தாலும், 20 வருஷத் தரவுள்ள நிலையத்தில் இருபதாம் வருஷம் ஒரு தேதியின் ரெக்கார்டு உடைய 20-இல் 1 வாய்ப்பு. 365 நாளுக்குக் கணக்கிட்டால் சுமார் 18 உச்ச ரெக்கார்டுகள்! 100 வருஷ நிலையத்தில் மூன்று, நான்குதான். அதனால் ஒற்றை ரெக்கார்டை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். பகல் உச்ச ரெக்கார்டுகளையும் இரவுக் குறைந்தபட்ச ரெக்கார்டுகளையும் தனித்தனியாக எண்ணுங்கள். மாறாத காலநிலையில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வரவேண்டும். அமெரிக்காவில் 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் இது சுமார் 2 உச்ச ரெக்கார்டுக்கு 1 குறைந்தபட்ச ரெக்கார்டு என்று ஆகிவிட்டது.

வெயில்கணக்கு:
12 வருஷத் தரவு மட்டும் உள்ள நிலையங்களை விட்டுவிடவா?

சராசரி:
விட வேண்டாம். "எத்தனை வருஷத் தரவு" என்று பட்டியலில் ஒரு நெடுவரிசை சேருங்கள். 30-க்குக் கீழே இருப்பதை ரெக்கார்டு என்று போடாமல் "நிலையம் தொடங்கியதிலிருந்து அதிகபட்சம்" என்று போடுங்கள்.