மாமியார் ஊசி வேண்டாம் என்கிறார், இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது?

யீஷூன் மருமகள்:
மாமியாருக்கு 70 தாண்டிவிட்டது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் ஒரு வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சளிக்காய்ச்சல் தடுப்பூசி என்றதும் எழுந்து வந்துவிடுகிறார். கேட்டால், "விவேக்குக்கு என்ன ஆச்சு, பாத்தேல்ல?" என்கிறார். எப்படிப் பேசுவது?

தேக்கா தம்பி:
எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். நடிகர் விவேக் சென்னையில் கோவிட் ஊசி போட்டுக்கொண்டது 2021 ஏப்ரல் 15, இறந்தது 17. ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக் குழு சொன்னது பல மாதம் கழித்து. சாவுச் செய்தி அன்றே எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது, அந்த அறிக்கையை யார் அனுப்பினார்கள்? அப்புறம், மாத்திரை இருக்கிற நோய்க்கு, ஊசி நன்றாக இருக்கிற உடம்புக்கு. அதனால் பிறகு எது நடந்தாலும் பழி ஊசி மேல்தான்.

காப்பி கோசோங்:
எல்லாவற்றையும் வாட்ஸ்அப் தலையில் கட்டாதீர்கள். இங்கே சிங்கப்பூரிலேயே 2021ல் 16 வயதுப் பையன் கோவிட் ஊசிக்குப் பிறகு எடை தூக்கி இதயம் நின்றுபோனது. ஊசியால் வந்திருக்கலாம் என்று சுகாதார அமைச்சே ஒப்புக்கொண்டு 225,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உதவித்தொகை கொடுத்தது. எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான், மறைக்கவில்லையே. ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 8 முதல், வேண்டுமென்றே ஊசி போடாதவர்கள் கோவிட் சிகிச்சைச் செலவைத் தாங்களே கட்ட வேண்டும் என்றார்களே, அதற்குப் பயந்து போட்ட என் மாமா இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஊசி உள்ளே போனது, சந்தேகம் வெளியே போகவில்லை.

யீஷூன் மருமகள்:
சரி, மறுபடி மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். விவேக் எல்லாம் சும்மா சாக்காம். முன்பு ஒருமுறை சளிக்காய்ச்சல் ஊசி போட்ட அதே வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டாராம், அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம்.

மல்லிகை:
அதுதானே விஷயம்! அந்த ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி, அதனால் சளிக்காய்ச்சல் வராது. ஆனால் ஓரிரு நாள் கை வலி, லேசான காய்ச்சல் வரலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் வேறு கிருமி தொற்றியும் படுத்திருக்கலாம். இதையெல்லாம் தமிழ் பேசும் தாதி யாராவது இருந்தால் அவர் வாயால் கேட்கட்டும். நீங்கள் சொன்னால் மருமகள் அதிகாரம் பண்ணுகிற மாதிரிதான் இருக்கும்.