காரில் கோளாறு என்றால் நம்மிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

ஈசூன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா போன வாரம் வீடியோ காலில் ஒரு கடிதத்தைக் காட்டினார். உறை மேலேயே 'முக்கியப் பாதுகாப்பு ரீகால் தகவல்' என்று அச்சிட்டிருந்தது (ரீகால் என்றால் கோளாறுள்ள காரைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்வது), பெட்ரோல் பம்ப்பில் கோளாறு, ஓடும்போதே இன்ஜின் நிற்கலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று உள்ளே எழுதியிருந்தார்கள். என்னிடம் இருப்பதும் அதே மாடல்தான். ஆனால் என்னுடையது ஜப்பானிலிருந்து பேரலல் இம்போர்ட்டில், அதாவது அந்த பிராண்டின் ஏஜெண்ட் வழியாக இல்லாமல் வேறு கம்பெனி மூலம் வந்த கார், எட்டு வருடம் ஆகிறது, நான் செகண்ட்ஹேண்டில் வாங்கி இரண்டு வருடம், கொண்டுவந்த கம்பெனியையும் மூடிவிட்டார்கள். எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. காலை ஐந்தரைக்கு மனைவிதான் அதை பிஐஇ விரைவுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போகிறாள், அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. இங்கே சிங்கப்பூரில் சட்டம் என்ன சொல்கிறது? யாரிடம் கேட்பது?

பாசிர்ரிஸ் ஆனந்தி:
தம்பி, முதலில் அக்காவுக்கு ஏன் கடிதம் வந்தது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் 1966-லிருந்து இதற்கு மத்திய சட்டம் இருக்கிறது. கோளாறு பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்று தயாரிப்பாளர் முடிவுக்கு வந்துவிட்டால் ஐந்து வேலை நாளுக்குள் அரசு அமைப்புக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அதற்கப்புறம் 60 நாளுக்குள் உரிமையாளருக்குத் தபாலில் கடிதம் போக வேண்டும். மாற்றுப் பாகம் இன்னும் தயாராகவில்லையே என்று காத்திருக்க முடியாது, முதலில் எச்சரிக்கைக் கடிதம், பாகம் வந்ததும் இன்னொரு கடிதம். தாமதித்தால் அபராதம்: 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச் விவகாரத்தில் 3.5 கோடி டாலர் கட்டியது.

இங்கேயும் சும்மா விடவில்லை. பாதுகாப்பு ரீகால் என்றால் விற்பனையாளர் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் உரிமையாளருக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் உங்கள் விஷயத்தில் சங்கிலி அறுந்த இடம் தெளிவாகத் தெரிகிறது, கொண்டுவந்தவரே இல்லை. அதனால் கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள், ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் இன்றே பாருங்கள்.

காக்கிபுக்கிட் பட்டறை:
ஆனந்தி அக்கா சொன்னது சரி. நான் இருபது வருடத்துக்கு மேல் பட்டறையில் இருக்கிறேன், ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். அமெரிக்க ரீகால் இணையப் பக்கத்தில் உங்கள் காரின் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அந்தப் பக்கம் 17 எழுத்து உள்ள நம்பரைத்தான் கேட்கும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த காரில் அது இருக்காது, மாடல் குறியீடு, நடுவில் ஒரு கோடு, அப்புறம் வரிசை எண், அவ்வளவுதான். ஜப்பானில் அந்தத் தயாரிப்பாளரின் ரீகால் பக்கத்தில் அதைப் போட்டுத் தேட வேண்டும். பக்கம் ஜப்பானிய மொழியில் இருக்கும், போனிலேயே மொழிபெயர்த்துப் பார்க்கலாம்.

நம்பர் பானட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் பொறித்திருக்கும். சில காரில் முன் சீட்டுக்குக் கீழே, கம்பளத்தில் வெட்டிவிட்ட மடிப்பைத் தூக்கினால் தெரியும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள், அழுக்கில் 8-ஐ 6 என்று படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிவு விவரத்தோடும் ஒப்பிடுங்கள்.

இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் ஆகிவிட்டது, அதனால் ரீகால் இல்லை என்று நினைப்பவர்களும் நிறைய. அங்கே பிரேக், விளக்கு, புகை பார்ப்பார்கள், ஏர்பேக்கைப் பிரித்துப் பார்ப்பதில்லை. தக்காத்தா ஏர்பேக்கில் நடந்தது நினைவிருக்கும், உள்ளே இருந்த அமோனியம் நைட்ரேட் வருடக்கணக்கில் சூடும் ஈரப்பதமும் பட்டுக் கெட்டுப்போய், விரியும்போது உலோகத் துண்டுகளை வீசியது. பக்கத்தில் மலேசியாவிலேயே உயிர் போயிருக்கிறது. நம் ஊர் வெயிலும் ஈரமும் அதே மாதிரிதானே. சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்துப் பழைய கார் ஓட்டுகிற எல்லாரும் தயவுசெய்து பாருங்கள்.

உட்லண்ட்ஸ் மணி:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். புளோக் மாறி வந்த பிறகு பழைய வீட்டில் இப்போது குடியிருக்கும் ஒரு அம்மா என்னைத் தேடி ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார், தேதி பார்த்தால் ஏழு மாதம் பழையது. டீலர் அனுப்பியிருக்கிறார், ஒரு போன்கூடச் செய்யவில்லை. அந்த ஏழு மாதமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜோகூருக்குப் போய் வந்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. வீடு மாறினால் முகவரியை மாற்றிவிடுங்கள்.

ஈசூன்வாசி:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. நேற்று இரவு கார் பார்க்கில் டார்ச்சோடு உட்கார்ந்து நம்பரை எடுத்தேன், முன் சீட்டுக்குக் கீழேதான் இருந்தது. ஜப்பான் பக்கத்தில் போட்டதும் பெட்ரோல் பம்ப், 'செய்யப்படவில்லை' என்று வந்தது. இன்று காலை அந்த பிராண்டின் சிங்கப்பூர் ஏஜெண்டுக்கு போன் அடித்தேன். பேரலல் இம்போர்ட் என்று சொன்னதும் கொஞ்சம் தயங்கினார்கள், ரீகால் எண்ணைப் படித்துக் காட்டியதும் சேசிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டுவரச் சொன்னார்கள், கட்டணம் இல்லை. அதுவரை மனைவி எம்ஆர்டி-யில் போகிறாள்.