கடல் தேங்காய்க் காட்டுக்கு அம்மாவோடு: இன்று ராத்திரிக்குள் டிக்கெட் போடலாமா?

மாசிவீதிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். சிஷெல்ஸ் தீவுகளில் பிராலின் என்று ஒரு குட்டித் தீவு. அங்கே இருக்கும் வாலே த மே காட்டுக்கு அம்மாவை அழைத்துப்போக ஆசை. அம்மாவுக்கு வயது 64. முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணும்.

ஏன் அந்தக் காடு என்றால் சிரிப்பீர்கள். கீழமாசி வீதியில் எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு நாட்டு மருந்துக் கடை. கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு முழு கடல் தேங்காய் சணல் கயிற்றில் தொங்கும். இரண்டு தேங்காயை ஒட்டவைத்த மாதிரி கன்னங்கரேலென்று இருக்கும். சின்ன வயதில் நான் வாய் பிளந்து நிற்பேன். கடைத் தாத்தா, "கடலுக்கு அடியில காய்க்கிறதுடா" என்பார். அம்மா இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறார். அந்தக் காட்டில் அது மரத்தில் தொங்குவதை ஒரு தடவை காட்டிவிட வேண்டும்.

ஜூலையில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து பதினெட்டாயிரம் மிச்சம். பெரிய தீவான மாஹேயில் நாலு நாள் தங்கி, ஒரு நாள் மட்டும் பிராலின் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவதாகத் திட்டம். (மாஹே என்று தேடினால் புதுச்சேரிக்காரர்களின் மாஹேக்குத்தான் பஸ் காட்டுகிறது!) வரும்போது ஒரு காய் வாங்கி வர முடியுமா? ராத்திரிக்குள் பணம் கட்டியாக வேண்டும்.

வைகைக்கரை:
தம்பி, பணம் கட்டாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டிருக்கிறீர்களா?

மாசிவீதிக்காரன்:
இல்லை அண்ணா. சிஷெல்ஸில்தான் அந்தக் காய்ச்சலே கிடையாதே?

வைகைக்கரை:
அங்கே கிடையாது. வில்லங்கம் வழியில் இருக்கிறது. எத்தியோப்பியா, கென்யா இரண்டும் நம் அரசாங்கத்தின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். அங்கே விமானம் மாறி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் ஊசி போட்ட அட்டையைக் கேட்பார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே போகவில்லை என்றால் விலக்கு உண்டு, ஆனால் அதை ஏற்பதா வேண்டாமா என்பது அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் சுகாதார அதிகாரியின் முடிவு. ஏற்காவிட்டால் ஆறு நாள் கணக்கு முடியும்வரை தனியாக வைத்துவிடலாம்.

என் சித்தப்பா நைரோபியிலிருந்து வந்தபோது மாட்டினார். ஊசி போட்டிருந்தார். அட்டை இங்கே பீரோவில், புடவைக்கு அடியில்! சித்தி தேடி எடுத்துப் படம் அனுப்புவதற்குள் மனுஷனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஊசியைப் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். உங்களுக்குச் சரி, பத்து நாளுக்கு முன்னாடியே போட்டுவிட்டால் போதும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு முதல் முறையாகப் போடுவதில் பக்கவிளைவு ஆபத்து கூடுதல், டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். பதினெட்டாயிரத்துக்காக அம்மாவை அதில் இழுக்க வேண்டாம். மதுரையிலிருந்து மும்பை, மும்பையிலிருந்து நேரே மாஹே. நாலரை மணி நேரம்தான்.

சோலைமலை அக்கா:
நானும் அவரும் போன வருஷம் போய் வந்தோம். தாவரவியல் வாத்தியார் என்பதால் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஜூலையை மாற்றுங்கள். மழை குறைவுதான், ஆனால் தென்கிழக்குக் காற்று அடிக்கும், கடல் கொந்தளிக்கும். மாஹேயிலிருந்து பிராலினுக்குப் படகில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் அம்மா குமட்டிக்கொண்டே வந்தால் காட்டைப் பார்க்கத் தெம்பு ஏது? காற்று திசை மாறும் ஏப்ரலும் அக்டோபரும் கடலுக்கு நல்லது. சின்ன விமானமும் உண்டு, கால் மணி நேரம்.

ஒரே நாளில் போய்த் திரும்பலாம், ஆனால் வேண்டாம். பிராலினில் இரண்டு ராத்திரி தங்குங்கள். அங்கு மட்டுமே வாழும் கருங்கிளியைப் பார்க்கக் காலையில் முதல் ஆளாக உள்ளே நுழைய வேண்டும். நாங்கள் முதலில் கேட்டது அதன் விசிலைத்தான். அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பெயர்தான் கருங்கிளி, பார்த்தால் பழுப்பு.

காடு பெரிதில்லை. 19.5 ஹெக்டேர். நம்ம வண்டியூர் தெப்பக்குளம் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் ஏறக்குறைய முடிந்துவிடும். 1983-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பாதை இருக்கிறது, ஆனால் வேரும் கல்படியுமாக, ஈரத்தில் வழுக்கும். அம்மாவை அழகர்கோயில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலைக்கு ஒரு தடவை நடத்திப் பாருங்கள். அதை ஏறிவிட்டால் இது தாராளம். அதே தீவில் ஃபோன் ஃபெர்டினான் என்று இன்னொரு காடும் உண்டு, அது செங்குத்து. முழங்காலுக்கு ஆகாது.

இலையைக் காட்ட மறக்காதீர்கள். ஒரு ஓலை காம்போடு சேர்த்து ஐந்தாறு ஆள் நீளம்கூட வரும், விசிறி மாதிரி மடிப்பு. மழை பெய்யும்போது ஒரு மரத்தடியில் நின்றோம். தண்ணீர் ஓலையின் மடிப்புகளில் ஓடி, காம்பின் வாய்க்காலில் இறங்கி, நேராக அடிமரத்துக்கே போகிறது. மேலே விழுந்த மகரந்தம், குப்பை எல்லாம் அதோடு வரும். சத்தில்லாத மண்ணில் அந்த மரம் தனக்குத்தானே உரம் போட்டுக்கொள்கிற விதம் அது. பனை மாதிரி ஆண் மரம், பெண் மரம் வேறு வேறு. காய் முற்ற ஆறேழு வருஷம். விதை சில 20 கிலோவையும் தாண்டும்.

கடைத் தாத்தா பொய் சொல்லவில்லை. பச்சை விதை தண்ணீரில் மூழ்கிவிடும். உள்ளே அழுகிக் கூடானதுதான் மிதந்து மாலத்தீவு, நம் கரை என்று ஒதுங்கும். 1768-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிராலினில் மரத்தைக் கண்டுபிடிக்கும்வரை, கடலடி மரம் என்றே பலரும் நம்பினார்கள்.

காய் வாங்கலாம், உள்ளே இருக்கும் பருப்பைக் குடைந்தெடுத்த ஓடாக. உரிமம் உள்ள கடையில், அரசு முத்திரையும் அனுமதிச் சீட்டும் சேர்த்து வாங்குங்கள். கிளம்பும்போது விமான நிலையத்தில் கேட்பார்கள். முளைக்கிற விதையை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. ஓடே பல ஆயிரம் ரூபாய், ஜாக்கிரதை.

தெப்பக்குளத்தான்:
ஃபக்கீர்கள் கையில் படகு மாதிரி கறுப்பாக வைத்திருப்பார்களே, அந்தத் திருவோடு இதுதானா?

சோலைமலை அக்கா:
அதேதான். உருண்டையாக இருக்கும் திருவோடு வேறு மரத்துக் காய்.

வைகைக்கரை:
விசா வேண்டாம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள் தம்பி. கிளம்பும் முன்பே இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும், தங்குமிட பதிவும் திரும்பும் டிக்கெட்டும் கேட்கும். மாஹேயில் விக்டோரியா நகரத்துக்குள்ளேயே நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள், பாதி சம்மதம் வாங்கியாச்சு.

மாசிவீதிக்காரன்:
டிக்கெட் போடவில்லை. இன்று காலை பழமுதிர்சோலை ஏறினோம். அம்மா நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தார், இரண்டு தடவையும் குரங்குக்குப் பயந்து சீக்கிரமே எழுந்துவிட்டார். ஏப்ரல் என்றேன். "சித்திரைத் திருவிழாவை விட்டுட்டா?" என்று ஒரே அடி. ஆக, அக்டோபர், கொலு எடுத்துவைத்த கையோடு, மும்பை வழியாக. பிராலினில் இரண்டு ராத்திரி.

மருந்துக் கடையில் இப்போது தாத்தாவின் பேரன் உட்கார்ந்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். அண்ணாந்து அந்தக் காயைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு அனுமதிச் சீட்டு எங்க இருக்குனு தெரியலையே" என்கிறான்.