வாக்குச்சாவடி வாரியான முடிவுகளை ஆராய உதவி வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். 2021 ஏப்ரல் 6 அன்று நம் கன்னியாகுமரி மாவட்ட மக்கள் சட்டமன்றத்துக்கும், மக்களவை இடைத்தேர்தலுக்கும் ஒரே நாளில் வாக்களித்தனர். நாகர்கோவில் சட்டமன்றத் தொகுதியில் பாஜகவும் மக்களவைத் தொகுதியில் காங்கிரசும் வென்றன. இரண்டிலும் வெவ்வேறு கட்சிக்கு வாக்களித்தவர்கள் எவ்வளவு பேர் என்பதைப் படிவம் 20-இன் (தேர்தல் ஆணையத்தின் இறுதி முடிவுத் தாள்) சாவடி வாரியான எண்ணிக்கையிலிருந்து மதிப்பிட முயல்கிறேன்.

ஒரு சாவடியில் ஒரு கட்சிக்குச் சட்டமன்றத்தில் 400 வாக்குகளும் மக்களவையில் 300 வாக்குகளும் விழுந்திருந்தால், குறைந்தது 100 பேர் அக்கட்சியை மக்களவையில் கைவிட்டனர் என்பது மட்டுமே உறுதி. அதற்கு மேல், எதிரெதிர்த் திசையில் மாறியவர்கள் கூட்டுத்தொகையில் மறைந்துவிடுகிறார்கள். ஒரு கூட்டத்தின் மொத்தக் கணக்கில் தெரியும் தொடர்பைத் தனிமனிதர்மீது ஏற்றிச் சொல்லக்கூடாது என்று சமூகவியலாளர் ராபின்சன் 1950-லேயே எச்சரித்திருப்பதால், இதில் அவசரப்பட எனக்கு மனமில்லை. மேலும் குளச்சல், கிள்ளியூர்க் கடற்கரைச் சாவடிகளும் உள்நாட்டுச் சாவடிகளும் ஒரே விகிதத்தில் மாறியிருக்கும் என்று கொள்வது சரியாகத் தோன்றவில்லை.

ஆறு தொகுதிகளுக்கும் இரு தேர்தல்களின் சாவடி விவரங்களை எக்செல் அட்டவணையாக வைத்திருப்பவர்கள் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். கூட்டு எண்ணிக்கையிலிருந்து தனிமனிதர் நடத்தையை மதிப்பிட அரசியல் அறிவியலாளர் கேரி கிங் 1997-இல் முன்வைத்த முறையைப் பல கட்சிகள் போட்டியிடும் தேர்தலுக்குப் பயன்படுத்தியவர்கள் இருந்தால், கடற்கரைச் சாவடிகளைத் தனியாகக் கணக்கிடுவது தகுமா என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.