புதுப்பிப்பு: பாம்பு முட்டை அடைகாப்புப் பெட்டியில் சூடு ஏறுவது ஏன்?

பாலிஸ்டைரீன் மீன் பெட்டி, ஹீட் கேபிள் (மின்சாரத்தில் சூடாகும் கம்பி), சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வைத்து அடைகாப்புப் பெட்டி செய்வதை முன்பு எழுதியிருந்தேன். "தெர்மோஸ்டாட்டை 31.5 டிகிரியில் வைத்தாலும் மதியம் 34 காட்டுகிறதே?" என்று பலர் கேட்டீர்கள்.

கேபிள் சூடாக்கும், குளிர்விக்காது. கோலாலம்பூர் மாடி அறை 34 டிகிரியைத் தொட்டால் பெட்டியும் மெல்ல அங்கேதான் போய் நிற்கும். பால் பைத்தன் (ball python) என்ற மலைப்பாம்பின் முட்டைக்கு 31–32 வேண்டும். பெட்டியைக் கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவரோரம் வையுங்கள். கார்ன் ஸ்நேக் (corn snake) என்ற பாம்பின் முட்டைக்கு 27–29 போதும். அதற்குக் கேபிளைவிட நாள் முழுக்க ஏர்கோன் ஓடும் அறைதான் முக்கியம்.

தெர்மோஸ்டாட்டின் சென்சாரைக் கேபிள் மேல் ஒட்டாதீர்கள். முட்டை இருக்கும் உயரத்தில் தொங்கவிடுங்கள். அடியில் 1.5 லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு இருந்தால் மின்தடையிலும் சூடு சட்டென்று இறங்காது.

முட்டையை வைக்கும் வெர்மிகுலைட் (ஈரம் பிடிக்கும் கனிமத் துகள்) 300 கிராமுக்குத் தண்ணீர் 300 மில்லி. பிழிந்தால் சொட்டக் கூடாது. மூடியில் கோக்கும் நீர் முட்டை மேல் விழாதபடி மூடியைச் சாய்த்து வையுங்கள். மேல்பக்கத்தைப் பென்சிலால் குறித்து, முட்டையைப் புரட்டாமல் விடுங்கள்; புரண்டால் கரு இறந்துபோகலாம்.

ஆரம்பத்திலேயே முட்டை குழிந்தால் ஈரம் போதவில்லை; ஓரமாக வெதுவெதுப்பான நீர் விடுங்கள். கடைசி இரண்டு வாரத்தில் குழிவது இயல்பு, அப்போது நீர் சேர்க்க வேண்டாம்.